சாட்சிக்குக் காயமில்லை

"ஐம்பது சதவீதம் வாங்கினவரோட பைலைக் கொண்டுவந்து எங்கப்பா பைல் பக்கத்துல வைங்க சார். ரெண்டையும் ஒண்ணா படிச்சுட்டு அப்புறம் சொல்லுங்க."

இதைத்தான் கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார் எழுத்தர். முன்னாள் படைவீரர் சங்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பவர். "என்ன வேணா கேளும்மா. அழு, கத்து, மயக்கம் போட்டு விழு. ஆனா அடுத்தவன் பைலை மட்டும் கேக்காதே. கேட்டேன்னா சங்கத்துல ஒரு ஆள் உன் மூஞ்சில முழிக்க மாட்டான்." நான் நன்றாகத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு எனக்குப் பட்டதை எழுதுவது பத்து வயதிலிருந்து பழக்கம்.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், இடப்பக்கம் டாக்டர், வலப்பக்கம் இன்னொருவர். அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, அதனால் அவருக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. மேஜை அவர்கள் பக்கம் தாராளமாகவும் எங்கள் பக்கம் முழங்கால் இடிக்கிற மாதிரியும் போட்டிருந்தது.

நான் அப்படி வெடித்ததற்கு டாக்டர்தான் காரணம். குனிந்து பைலைப் பார்த்துக்கொண்டே, "கேக்கறதுல என்ன கஷ்டம் உங்களுக்கு?" என்றார். அப்பாவுக்கு உதடு தெரிந்தால்தான் பேச்சு புரியும். டாக்டரின் வழுக்கைதான் தெரிந்தது. அதிகாரி ஏதோ கேட்கிறார் என்பது மட்டும் புரிந்து, விறைப்பாக எழுந்து நின்று, "சரி, சார்!" என்றார்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

அப்பா பீரங்கிப் படையில் குண்டு ஏற்றுபவராக இருந்தவர். ஒரு பீரங்கிக்கு ஆறு பேர். அவரவர் வேலை முடிந்ததும் "சரி" என்று கத்த வேண்டும். ஒருவன் கத்தாவிட்டாலும் பீரங்கி நின்றுவிடும், ஆறு பேருக்கும் திட்டு விழும். பதினெட்டு வருடம் அப்படிக் கத்திய மனிதர் அதிகாரி முன்னால் வேறு எதைச் சொல்வார்? அவர் படையை விட்டு வந்த வருடத்தில், முதலாவது மருத்துவக் குழுவிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார். 'கேட்பதில் சிரமம் இல்லை என மனுதாரரே தெரிவித்தார்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில், 'உள்ள குறைபாடு பணியால் ஏற்பட்டதல்ல, வயதினால் வந்தது' என்றும் எழுதியிருந்தார்கள். அப்போது அவருக்கு நாற்பது வயது. சிரமமே இல்லை, இருக்கிற சிரமமும் வயதால் வந்தது. ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுத ஒரு தனித் திறமை வேண்டும். தாமதமாகவும் மேல்முறையீடு செய்யலாம் என்ற விதி இருப்பதே பட்டம் வாங்கிய பிறகு நான் தேடிப் படித்ததால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"யாரும்மா அந்த ஐம்பது சதவீதம்?" என்றார் தலைவர்.

பெயரையும் படை எண்ணையும் சொன்னேன். "அதே பீரங்கி, அதே குண்டு, அதே நாள். அவர் இடப்பக்கம் நின்னார், எங்கப்பா வலப்பக்கம் நின்னார். இடப்பக்கத்துக்கு ஐம்பது, வலப்பக்கத்துக்குப் பூஜ்யம். இது எந்த ஊர் நியாயம் சார்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "கொண்டுவரலாம், விதியில இடம் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல கொடுக்கணும். ஆனா ரெண்டு பைலையும் பிரிச்சா ரெண்டு பேரையும் புதுசா அளப்போம். ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். யோசிச்சு எழுது."

"யோசிச்சாச்சு சார்."

"உங்க சொந்த பைலைப் பாத்திருக்கியா?"

"நகல் கேட்டேன். தரல."

"ஆவண ஜன்னல்ல நான் சொன்னேன்னு சொல்லிப் பாரு. முதல்ல அதைப் படி."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'இறங்கவும் செய்யலாம்' என்று அவர் சொன்ன நொடியில் என் வயிறு குளிர்ந்தது.

திரும்பும்போது பேருந்தில் அப்பா கேட்டார். "என்ன பாப்பா, அப்படிக் கத்தினே? அவர் முகமே மாறிப்போச்சு."

போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினேன்: 'தேதி கேட்டேன்.'

"நல்லது, நல்லது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடம் பொய் சொல்வது அவ்வளவு சுலபம்.

அந்த ஐம்பது சதவீதக்காரரை வாய்க்குப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். மனசுக்குள் அவர் பெயர் 'ஐம்பது'. ரத்த உறவு கிடையாது. அப்பாவோடு ஒரே பீரங்கியில் நின்றவர், அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பயிற்சி மைதானத்தில் குண்டு குழாய் வாயிலேயே வெடித்தபோது எனக்கு நாலு வயது, அவருடைய மகளுக்கும் நாலு வயது. அதுவரை இரண்டு வீடும் ஒரே மாதிரி ஓட்டை உடைசலாக இருந்தன. அதன் பிறகு அவர்கள் வீடு வளரத் தொடங்கியது. தரைக்குக் கல் போட்டார்கள். மாடி எடுத்தார்கள். அதையெல்லாம் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

பொறுக்க முடியாதது அவர்கள் குளியலறைக் கம்பி. சுவரில் திருகிய ஒரு முழ நீள ஸ்டீல் கம்பி, பிடித்துக்கொண்டு எழுவதற்கு. காது போனால் காது மட்டும் போவதில்லை, நிதானமும் போகும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா குளியலறையில் நாலு முறை விழுந்திருக்கிறார். ஒரு முறை புருவத்தில் தையல். நாங்கள் ஜன்னல் கம்பியில் ஒரு நைலான் கயிறு கட்டி வைத்திருக்கிறோம், அதைப் பிடித்துக்கொண்டுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். பெரியப்பா வீட்டுக்குப் போனால் ஒரு சாக்குச் சொல்லிக் குளியலறைக்குப் போய் அந்தக் கம்பியை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு வருவேன். அசையாது. ஒரு கம்பியைப் பார்த்து வயிறெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்தது அவருடைய காது மெஷின். மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும். பெரியம்மா திட்டத் தொடங்கினால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண் சிமிட்டுவார். எல்லோரும் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார், என்ன நடந்தது என்று தெரியாமலே, மற்றவர்கள் சிரித்து அரை நொடி கழித்து. அந்த அரை நொடிக்காக நான் அந்த வீட்டையே வெறுத்தேன்.

பிறகு அவர் மகள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பட்டப்பெயர். ஒரே வகுப்பு. நான் முதல் மூன்று இடத்தை விட்டு இறங்கியதில்லை, அவள் பத்துக்கு மேல் ஏறியதில்லை. ஆனால் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஊனமடைந்த வீரர்களின் பிள்ளைகளுக்குப் பல் மருத்துவத்தில் ஒதுக்கீடு உண்டு. அப்பாவின் பூஜ்யத்துக்கு ஒதுக்கீடு கிடையாது. அவள் பல் டாக்டர் ஆகப் போனாள். நான் பகலில் ஜெராக்ஸ் கடையில் நின்று மாலைக் கல்லூரியில் படித்தேன். அவளுடைய சேர்க்கைக்கு வேண்டிய சான்றிதழ்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஐந்து பிரதி. ஐந்திலும் 'ஐம்பது சதவீதம்' கறுப்பாக, தெளிவாக விழுந்தது. காசு வேண்டாம் என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அவளிடம் கை நீட்டி வாங்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஆவண ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்த அம்மாள் விரலை ஈரப் பஞ்சில் தொட்டுத் தொட்டுப் பைல்களைத் தள்ளி அப்பாவுடையதை எடுத்தார். ஒரு மனிதனின் காது பதினோரு தாளில் முடிந்திருந்தது. ஒரு தாளிலும் காதை மெஷினில் வைத்து அளந்த கோட்டுப்படம் இல்லை. எல்லாம் எழுத்து, எழுத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதிய எழுத்து.

ஒன்பதாவது தாள் அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. வலப்பக்கம் சாய்ந்து, அணிவகுப்பு மாதிரி இடைவெளி விட்டு எழுதுவார். பெரியப்பாவுக்காக எழுதிய சாட்சிக் கடிதம் அது. குண்டு வெடித்ததும் சக வீரர் தூக்கி எறியப்பட்டார், முதுகில் பலமான அடி, இரண்டு காதிலிருந்தும் ரத்தம், அவரைத் தோளில் போட்டுக்கொண்டு முதலுதவிக் கூடாரத்துக்கு ஓடியவன் நான். கடைசியில் இரண்டு வாக்கியம்: 'எனக்குக் காயம் எதுவும் இல்லை. என் காதுகள் நன்றாகக் கேட்கின்றன.'

அந்த இரண்டு வாக்கியத்துக்கும் கீழே யாரோ சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'மனுதாரரின் சொந்த வாக்குமூலம். நிராகரிக்கலாம்.'

"நகல் வேணுமாம்மா?" என்றார் அந்த அம்மாள்.

"வேணும்."

"எத்தனை?"

"ஒண்ணு போதும்."

வீட்டில் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தாளை அந்தச் சட்டை மேலேயே வைத்தேன். படித்தார். பழைய போட்டோவைப் பார்க்கிற மாதிரி முகம் மலர்ந்தது.

"என் எழுத்துதான். அப்பவே எவ்வளவு அழகா எழுதியிருக்கேன் பாத்தியா?"

எதிரே போய் நின்று, உதட்டைப் பிரித்துப் பிரித்துக் கேட்டேன். "அன்னைக்கு ரத்தம் உங்களுக்கும் வந்துச்சா, இல்லியா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "வந்துச்சு. ரெண்டு பேருக்கும்தான்."

"அப்புறம் ஏன் இப்படி எழுதினீங்க?"

"யூனிட் கிளார்க் சொன்னான் பாப்பா. சாட்சிக்கும் காயம் இருந்தா அவனும் பணம் கேக்கற ஆளாயிடுவான், அவன் பேச்சை நம்ப மாட்டாங்க. யாராவது ஒருத்தன் முழுசா இருக்கணும்னான். இவனுது முதல்ல போகட்டும், உன்னுது அடுத்த வருஷம் எழுதிக்கலாம்னான்."

"அடுத்த வருஷம் என்னாச்சு?"

"கிளார்க் மாறிப் போயிட்டான்."

"ஏன், அவர் முழுசா இருந்து உங்களுது முதல்ல போயிருக்கக் கூடாதா?"

"அவனால உக்காரவே முடியலம்மா அப்போ. எனக்குக் காதுதானே. காது இல்லாம மூட்டை தூக்கலாம். முதுகு இல்லாமத் தூக்க முடியுமா?"

அம்மா அவருக்குப் பின்னால் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றாள். அவருக்கு விழவில்லை. அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அவர் முகத்துக்கு நேராக, அதையே மறுபடி கேட்டாள். அவர் சட்டையை மடிக்கத் தொடங்கினார்.

இத்தனை நாளும் நான் பொறாமைப்பட்டது கம்பி மேல், மெஷின் மேல், அவளுடைய வெள்ளைக் கோட்டு மேல். அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் பொறாமைப்பட வேண்டியது அந்தக் கையெழுத்து மேல் என்று. என் அப்பா எனக்கு எழுதிக் கொடுக்காததை அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நாலு வயதுப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்திக்குத் தன் காதைக் கொடுத்தார். இன்னொருத்திக்கு அடுத்த வருடம் என்றார். பெரியப்பா மேல் இருந்த எரிச்சல் அப்படியே திரும்பி, இதோ மடித்த சட்டையைத் தடவிக்கொண்டு நிற்கிற இந்த மனிதர் மேல் பாய்ந்தது.

"என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ பாப்பா" என்றார். "பொய் சொன்னேன்னுகூட எழுது. ஆனா அவன் பைலைத் தொடாதே."

"அது முடியாதுப்பா. இந்தத் தாள் ரெண்டு பைல்லயும் இருக்கு. இதைப் பொய்னு சொன்னா அதுவும் ஆடும்."

"அப்ப விட்டுடு."

"விட முடியாது."

என் உதட்டை அவர் சரியாகத்தான் படித்தார், அடுத்த சட்டையை எடுத்து விரித்தார். போன மாதமே எனக்கு அதிகாரக் கடிதம் முத்திரையோடு எழுதிக் கொடுத்திருந்தார். இந்த வழக்கில் என் கையெழுத்து போதும். அதை அவர் திருப்பிக் கேட்பார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். கேட்கவில்லை. வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா வெளியே போயிருந்தாள். டாக்டரம்மா விடுமுறைக்கு வந்திருந்தாள், ஊதா மெழுகில் செய்த பல் மாதிரி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க பட்டதாரி!" என்றார் பெரியப்பா. முதுகுக்குத் தலையணை வைத்த நாற்காலியில் இருந்தார். "உங்க பெரியம்மா இல்ல, அதனால மெஷின் காதுல இருக்கு. தைரியமாப் பேசு."

தாளைக் கொடுத்தேன். கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"உங்கப்பன் எழுத்து."

"அன்னைக்கு யாருக்கு ரத்தம் வந்துச்சு பெரியப்பா?"

"ரெண்டு பேருக்கும்தான்." ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பொய் சொல்வார் என்று நம்பி, அதற்குப் பதிலெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். அத்தனையும் வீண். "அவன் காதுல ரத்தம் வழிஞ்சு என் சட்டையெல்லாம் ஆச்சு. தோள்ல தூக்கிட்டு ஓடறான், நான் அவன் காதுக்கிட்டயே 'இறக்கி விடுடா, இறக்கி விடுடா'ன்னு கத்தறேன். அவன் பாட்டுக்கு ஓடறான்."

"அதை எழுதித் தாங்க."

அவர் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எழுதினா?" என்றார்.

"எங்கப்பா காதை மெஷின்ல வெச்சு அளப்பாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் அளக்கல. காகிதத்தைப் பாத்தே காதை முடிவு பண்ணிட்டாங்க."

"என்னையும் அளப்பாங்க."

"ஆமா. உங்க முதுகு நிஜம்தானே? அப்புறம் என்ன பயம்?"

தலையணையைச் சரி செய்துகொண்டார். "நிஜம்தான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நிஜம். இப்ப மாடி ஏறி இறங்கறேன். அளந்தா முப்பது வரும். இருபதா இருந்தாலும் ஆச்சரியமில்ல. இவளுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு பாக்கி. நாப்பதுக்குக் கீழ போனா அந்த ஒதுக்கீடும் இல்ல, பீஸ் சலுகையும் இல்ல."

இதை அவர் மறைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார். "உங்கப்பனுக்கு ஒரு மெஷின் நான் வாங்கித் தரேன். நல்லதா. குளியலறைல கம்பியும் போட்டுத் தரேன். நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"எங்க வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருப்பீங்க பெரியப்பா? அங்க ஒரு கயிறு தொங்குது. அதை ஒரு தடவைகூடப் பாக்கலியா?"

அவர் கை காது மெஷினுக்குப் போனது. பார்த்திருக்கிறார்.

"ஏய், நிறுத்துடி" என்று எழுந்தாள் டாக்டரம்மா. "நீ வயித்தெரிச்சல்ல வந்திருக்கே. ஸ்கூல்ல இருந்தே உனக்கு என்னைக் கண்டா ஆகாது. பொறாமைன்னா பொறாமைன்னு சொல்லிட்டுப் போ. அதுக்கு நியாயம்னு பேர் வைக்காதே."

"பொறாமைதான். நியாயமும்தான். ரெண்டும் ஒண்ணா வந்து உக்காந்துடுச்சு, நான் என்ன பண்ண? ஒண்ணை மட்டும் எழுப்பி அனுப்ப முடியல."

"எங்கப்பா பொய் சொல்லல."

"சொல்லல. எங்கப்பாதான் சொன்னார். உனக்காக."

"நான் கேட்டேனா?"

"நீயும் கேக்கல, நானும் கேக்கல. ஆனா நீ பல்லு புடுங்கக் கத்துக்கறே, நான் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டிருக்கேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழாமல் அந்த ஊதா நிறப் பல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்ன செய்வார் என்று பார்த்தாள். எனக்கு அதுவும் பொறாமையாக இருந்தது. தன் அப்பா தன் பக்கம்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்றார் பெரியப்பா. "உங்கப்பன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு எழுதித் தரேன்."

அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா தயங்குவார், அப்பா அவர் தோளில் தட்டுவார். கடைசியில் இரண்டு பேரும் தேநீர் குடிப்பார்கள்.

"கடைசி நாள் இன்னைக்கு."

"அப்ப இப்ப என்னதான் கேக்க வந்தே?"

"கேக்க வரல. நீங்களே எழுதித் தந்தா அதையும் சேத்துக் கொடுக்கலாம்னு வந்தேன். தராட்டி இது மட்டும் போகும்."

பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பைலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி, காலையிலேயே தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்ட மனு. வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'இவருக்கு அளித்ததைக் குறைக்குமாறு நான் கோரவில்லை'ன்னு எழுதியிருக்கே."

"ஆமா."

"ஆனா குறையும்."

"குறையும்."

"தெரிஞ்சேதான் எழுதினியா?"

"தெரிஞ்சேதான்."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். கசக்கவில்லை, கிழிக்கவில்லை, மடிப்புக் கலையாமல் கொடுத்தார். மேஜை மேல் பேனா இருந்தது. அவர் கை அதன் பக்கம் போகவுமில்லை, மடிக்குத் திரும்பவுமில்லை. அது எங்கே போகிறது என்று நின்று பார்க்க எனக்கு நேரமில்லை. ஆவண ஜன்னலை ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். மணி மூன்றே முக்கால்.

"உங்கப்பன் உன்னை மன்னிக்க மாட்டான்" என்றார், மெதுவாக. மிரட்டல் இல்லை, தெரிந்ததைச் சொன்னார்.

"தெரியும் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, தாளைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் டாக்டரம்மா என் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டாள். தெருமுனையில் பேருந்து கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஓடினேன்.